பின் சீட்டுக்கு அடியில் ஊளையிடும் பெட்ரோல் பம்ப்: மாற்றுவதற்கு முன்னும் மாற்றும்போதும்

கேள்வி இதுதான்: 2006 மாடல் சான்ட்ரோ, 1,20,000 கிலோமீட்டர் ஓடியது. சாவியைத் திருப்பியதுமே பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. வெயிலில் அரைமணி நேரம் ஓட்டினால் சத்தம் கூடுகிறது. மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைகிறது. மெக்கானிக் பம்பை மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றத்தான் வேண்டுமா, வீட்டிலேயே செய்ய முடியுமா?

பம்ப் தேய்ந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கே புதுசு வாங்க வேண்டாம். பம்ப் ஊளையிட நான்கு காரணங்கள் உண்டு. பம்பே தேய்ந்திருக்கலாம். உறிஞ்சுவதற்குப் பெட்ரோல் சரியாகக் கிடைக்காமல் இருக்கலாம். தள்ளிய பெட்ரோல் போக வழியில்லாமல் இருக்கலாம். அல்லது அதற்கு வரும் மின்சாரம் சரியில்லாமல் இருக்கலாம். புது பம்ப் குணப்படுத்துவது முதல் காரணத்தை மட்டும். மற்ற மூன்றில் ஏதாவது இருந்தால் புது பம்பும் சில மாதத்தில் அதே பாட்டைப் பாடும். "டூப்ளிகேட் பம்ப் போட்டுட்டாங்க" என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த வகைதான்.

பம்ப் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் சோதனைகள் புரிய அது போதும். எம்.பி.எஃப்.ஐ கார்களில், அதாவது பெட்ரோலை இன்ஜெக்டர்கள் பீய்ச்சும் கார்களில், பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி நிற்கும். கட்டைவிரலைவிடப் பருத்த ஓர் இரும்புக் குழாய். உள்ளே 12 வோல்ட் மோட்டார், அதன் அடியில் சின்ன விசிறிச் சக்கரம். கீழே துணிபோன்ற சல்லடை. உறிஞ்சப்படும் பெட்ரோல் மோட்டாரின் உள்ளே புகுந்து, கார்பன் பிரஷ்களையும், சுழலும் தண்டைத் தாங்கும் புஷ்களையும் தொட்டுக்கொண்டே மேலே வெளியேறும். பம்புக்குக் குளிர்ச்சியும் மசகும் அந்தப் பெட்ரோல்தான். ஐடிலில் இந்த அளவு எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர்கூடக் குடிக்காது; பம்போ மணிக்கு 60 லிட்டருக்கு மேல் தள்ளும். மிச்சமெல்லாம் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்கே திரும்பும். ரெகுலேட்டர் சில கார்களில் எஞ்சின் பக்கம், இன்ஜெக்டர் ரெயிலின் கடைசியில் ஒரு வேக்குவம் ஹோஸோடு இருக்கும். சிலவற்றில் டேங்குக்குள்ளேயே பம்போடு சேர்ந்திருக்கும். பானெட்டைத் திறந்து அந்த வேக்குவம் ஹோஸ் போட்ட குமிழைத் தேடுங்கள். இருந்தால் உங்கள் வண்டியில் எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் உண்டு. இது பின்னால் முக்கியம்.

(கார்புரேட்டர் வண்டிகளுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 ஆகியவற்றில் பம்ப் எஞ்சினிலேயே கேம்ஷாஃப்ட் அசைவில் ஓடும் மெக்கானிக்கல் வகை. அது ஊளையிடாது, டொக் டொக் என்று தட்டும். அதில் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.)

முதலில் சத்தம் பம்பினுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுபோனால் பம்ப் ஏறக்குறைய 2 விநாடி ஓடி நின்றுவிடும். செல்ஃப் அடிக்கும் சிக்னல் வராவிட்டால் கம்ப்யூட்டர் அதை நிறுத்திவிடுகிறது. இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லி, பெட்ரோல் மூடியைத் திறந்து குழாய் வாயருகே காதை வையுங்கள். நல்ல பம்ப் "ம்ம்ம்" என்று மெல்ல முனகி நிற்கும். சீட்டில் உட்கார்ந்தபடியே கேட்கும் அளவுக்கு "ஙீஈஈ" என்று வந்தால் அது பம்ப் பக்கத்துச் சத்தம். சாவி ஆனில் எதுவும் இல்லாமல் ஓட்டும்போது மட்டும் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கினால் பின் சக்கர பேரிங்கைப் பாருங்கள். முன்பக்கம் டிக் டிக் என்று கேட்டால் அது இன்ஜெக்டரோ, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவான கேனிஸ்டரின் வால்வோ.

இன்னொரு மலிவான காரணமும் உண்டு. பெட்ரோல் லைன் பாடியின் அடியில் ரப்பர் கிளிப்புகளில் மிதந்தபடி செல்ல வேண்டும். சைலன்சர் வேலையோ சஸ்பென்ஷன் வேலையோ பார்த்த இடத்தில் ஒரு கிளிப்பைத் திரும்பப் போடாமல் விட்டிருந்தால், குழாய் தகரத்தில் உரசி பம்பின் சின்ன அதிர்வைக் காருக்குள் பெரிதாக்கிக் காட்டும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது அந்தக் குழாயைக் கையால் பிடித்துச் சற்று விலக்குங்கள். சத்தம் அடங்கினால் செலவு ஒரு கிளிப்போடு முடிந்தது.

அடுத்து காசில்லாத மூன்று சோதனைகள். வண்டி நன்றாகச் சூடாகி ஊளையிடும்போது ஓரமாக நிறுத்தி, பெட்ரோல் மூடியைத் திருகித் திறங்கள். "புஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதோடு சத்தமும் குறைந்தால் டேங்குக்குள் வேக்குவம் உண்டாகிறது என்று பொருள். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். மூடியிலுள்ள வால்வோ கேனிஸ்டருக்குப் போகும் குழாயோ அடைத்திருந்தால் வராது. பம்ப் வெற்றிடத்தோடு மல்லுக்கட்டி உறிஞ்சும். குறைந்த அழுத்தத்தில் சூடான பெட்ரோல் எளிதில் ஆவியாகி, குமிழிகள் சக்கரத்தில் மோதி உடையும். வெயிலில் மட்டும் கூடும் ஊளைக்கு இது ஒரு முக்கியக் காரணம். தீர்வு ஒரு புது மூடி, அல்லது கேனிஸ்டர் குழாயில் குளவி கட்டிய மண்ணைச் சுத்தம் செய்வது.

இரண்டாவது, டேங்கை முக்காலுக்கு நிரப்பிப் பாருங்கள். கால் டேங்கில் ஊளை, முக்கால் டேங்கில் அமைதி என்றால் சல்லடை அடைப்பையோ, சல்லடை தன் இடத்திலிருந்து திரும்பிவிட்டதையோ சந்தேகிக்கலாம். முழு டேங்கிலும் அதே சத்தம் என்றால் பம்பின் புஷ் தேய்மானம் பக்கம் சந்தேகம் திரும்பும். "ரிசர்வில் ஓட்டினால் பம்ப் வெந்துவிடும்" என்பதில் பாதிதான் உண்மை. பெட்ரோல் மோட்டாருக்குள்ளேயே ஓடுவதால், சல்லடை நனைந்திருக்கும் வரை குளிர்ச்சி கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். கெடுதல் வேறு இடத்தில்: வளைவுகளில் பெட்ரோல் ஒதுங்கும்போது பம்ப் காற்றை விழுங்குகிறது, அடியில் படிந்த துருவும் தண்ணீரும் முதலில் அதன் வாய்க்குத்தான் போகின்றன.

மூன்றாவது, பெட்ரோல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று பில்லைத் தேடுங்கள். பதில் தெரியவில்லை என்றால், ஃபில்டர் டேங்குக்கு வெளியே இருக்கும் வண்டிகளில் பம்பைத் தொடும் முன்பே அதை மாற்றிவிடலாம் (லைனின் அழுத்தத்தை இறக்கிவிட்டு; முறை பின்னால் வருகிறது). கழற்றிய ஃபில்டரின் நுழைவாய்ப் பக்கத்தை, அதாவது டேங்கிலிருந்து வரும் பக்கத்தை, ஒரு வெள்ளைத் துணி மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். செங்காவிப் பொடி விழுந்தால் டேங்கில் துரு. கறுப்புத் துகள் விழுந்து விரலில் மை மாதிரி ஒட்டினால் உள்ளே எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் மக்கிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் ஊறிப் பரவிய பின்னும் துணியில் தனியே முத்துமுத்தாக நிற்பது தண்ணீர். இந்த மூன்றில் எது வந்தாலும் டேங்கைச் சுத்தம் செய்யாமல் புது பம்பை இறக்குவது வீண்செலவு.

கறுப்புத் துகள் பற்றி ஒரு வார்த்தை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2025 வாக்கில் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான் என்றாகிவிட்டது. 2006 கார் அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. அதனால் வண்டி நாளைக்கே நின்றுவிடாது. ஆனால் எத்தனால் பழைய ரப்பரை வீங்க வைக்கும், டேங்கில் பல வருடமாக ஒட்டியிருந்த பிசினைக் கரைத்துக் கிளப்பும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடுக்கை.

எல்.பி.ஜி அல்லது சி.என்.ஜி கிட் போட்ட வண்டி என்றால் காரணம் இன்னும் எளிது. வாயுவில் ஓடும்போதும் பல கிட்களில் பெட்ரோல் பம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும். "ஸ்டார்ட் பண்ண மட்டும்தானே" என்று டேங்கில் இரண்டு லிட்டரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். ரிட்டர்ன் லைன் உள்ள வண்டியில் அந்த இரண்டு லிட்டரே எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்பச் சுற்றும். எப்போதும் 8 முதல் 10 லிட்டராவது வைத்திருங்கள், அல்லது வாயுவுக்கு மாறியதும் பம்பை நிறுத்தும் ரிலேயைக் கிட் போட்டவரிடமே பொருத்தச் சொல்லுங்கள்.

இனி மல்டிமீட்டர். பின் சீட்டைத் தூக்கினால் சான்ட்ரோவில் தரையில் ஒரு தகர மூடி இருக்கும். அதற்குக் கீழேதான் பம்பின் தலை. கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக முனைகளைச் செருகி, எஞ்சின் ஓடும்போது வோல்டேஜ் பாருங்கள். அதே நேரத்தில் பேட்டரியில் 14 வோல்ட் இருந்தால் இங்கே 13-க்கு மேல் இருக்க வேண்டும். 11, 12 என்று காட்டினால் வழியில் எங்கோ வோல்டேஜ் வீணாகிறது. அதைக் கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பம்பின் எர்த் பின்னிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவ்விலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாயின்ட் துருவேறியிருக்கிறது. எர்த் நன்றாக இருந்தால் ரிலே, ஃபியூஸ் பிடி, கனெக்டர் என்று பாசிட்டிவ் பக்கம் போங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ பின் ஒன்று கறுத்திருந்தாலோ அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். கருகிய கனெக்டரில் புது பம்பைச் சொருகினால் அதே பின் மறுபடி உருகும்.

ஆம்பியர் இன்னும் அதிகம் பேசும். பம்ப் ஃபியூஸைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்துப் பார்க்கலாம். கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள் அது டி.சி அளக்கும் வகைதானா என்று பாருங்கள்; எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் பெரும்பாலும் ஏ.சி மட்டும்தான். இந்த அளவு கார்களில் 3 முதல் 6 ஆம்பியர் வரை இயல்பு. அதற்கு மேலே போய் நின்றால் முன்னே வழி அடைத்திருக்கிறது, அதாவது ஃபில்டர். அல்லது மோட்டார் இறுகிவிட்டது. குறைவாகக் காட்டி அழுத்தமும் குறைந்தால் பம்ப் காற்றையோ ஆவியையோ சுழற்றுகிறது, சல்லடையைப் பாருங்கள். எண் நிலையாக நிற்காமல் குதித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்து முடியும் நேரம். பிரஷ் முடிவின் இன்னொரு அடையாளம்: சூட்டில் வண்டி நின்றுவிடும், இருபது நிமிடம் ஆறினால் ஸ்டார்ட் ஆகும். நடுவழியில் அப்படி நின்றால் ஒருவர் செல்ஃப் அடிக்க இன்னொருவர் டேங்கின் அடியில் கையாலோ ரப்பர் சுத்தியாலோ தட்டினால் பல சமயம் ஓடிவிடும். வீடு வந்து சேர அது போதும், அதற்கு மேல் நம்பக் கூடாது.

பிரஷர் கேஜ் கிடைத்தால் தீர்ப்பு உறுதியாகிவிடும். ரெகுலேட்டர் ரெயிலில் இருக்கும் வண்டிகளில் பம்ப் ஓடி எஞ்சின் நிற்கும்போது 3 பார் அளவில், அதாவது 43 பி.எஸ்.ஐ சுற்றிக் காட்ட வேண்டும். ஐடிலில் வேக்குவம் இழுப்பதால் அரை பார் போல இறங்கும். வேக்குவம் ஹோஸைப் பிடுங்கினால் மறுபடி 3-க்கு ஏறும். அந்த ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, பம்ப் மேல் பழி வேண்டாம். ரெகுலேட்டர் டேங்குக்குள் இருக்கும் வகையில் அழுத்தம் எந்நேரமும் ஒரே அளவில், 3 முதல் 3.5 பார் வரை நிற்கும்.

அழுத்தம் குறைவாக இருந்து, ரிட்டர்ன் லைனும் இருந்தால், அதன் ரப்பர் பகுதியைத் துணி சுற்றிய பிளையரால் ஒரே ஒரு விநாடி அழுத்துங்கள். கேஜ் சட்டென்று 5 பாருக்குத் தாவினால் பம்ப் வலுவாக இருக்கிறது, ரெகுலேட்டர் விட்டுவிடுகிறது. ஏறவே இல்லை என்றால் பம்ப், சல்லடை, அல்லது டேங்குக்குள் பம்பையும் அதன் தலை மூடியையும் இணைக்கும் குட்டி ஹோஸ். அந்த ஹோஸ் வெடித்திருந்தால் பம்ப் முழு வேகத்தில் ஓடி டேங்குக்குள்ளேயே பீய்ச்சும். ஊளையோடு "சர்ர்ர்" என்று நீர் பாயும் சத்தமும் கேட்கும். மேட்டில் இழுவை இல்லை என்ற புகாருக்கு அளவுச் சோதனையும் வேண்டும். ரிட்டர்ன் லைனை ஒரு கேனுக்குள் விட்டு, பம்பை 30 விநாடி ஓட்டினால் அரை லிட்டராவது வர வேண்டும். அழுத்தம் சரி, அளவு குறைவு என்றால் ஐடிலில் வண்டி நன்றாகத்தான் இருக்கும், மேம்பாலத்தில்தான் திணறும்.

உங்கள் வண்டியில் சாவி ஆனிலேயே ஊளை, சூட்டில் அதிகம், மேட்டில் திணறல் மூன்றும் சேர்ந்திருப்பதால், மூடியும் ஃபில்டரும் வோல்டேஜும் சரியாக இருக்கும்பட்சத்தில் பம்பையும் சல்லடையையும் மாற்றுவது நியாயம்தான். அழுத்தமும் அளவும் சரியாக இருந்து சத்தம் மட்டும்தான் தொந்தரவு என்றால் அவசரமில்லை. பம்பைத் தாங்கும் ரப்பர் கிண்ணம் மக்கி, இரும்பு உடல் நேரடியாகக் கூட்டில் உரசிக்கொண்டிருக்கலாம்.

வாங்கும்போது இரண்டு வழி. பிளாஸ்டிக் கூடு, மிதவை, மூடி எல்லாம் சேர்ந்த முழு அசெம்பிளி விலை அதிகம், வேலை எளிது. மோட்டாரை மட்டும் வாங்கினால் விலை வெகுவாகக் குறையும், வேலை நுணுக்கமாகும். கூடு விரிசலில்லாமல், மிதவை சரியான அளவைக் காட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் மட்டும் போதும். அதோடு சல்லடை, மூடியின் ஓ-ரிங், உள் ஹோஸ், இரண்டு கிளாம்ப், ஃபில்டர் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் புதிது கிடைக்கும். பழைய பம்பைக் கையில் எடுத்துப்போய் உயரம், வாயின் விட்டம், பின் அமைப்பு மூன்றையும் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் டோரும் பம்பரும் வாங்கலாம், பழைய பெட்ரோல் பம்பை மட்டும் வாங்காதீர்கள். அதற்குள் எவ்வளவு பிரஷ் மிச்சம் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

உள் ஹோஸில் பலர் ஏமாறுகிறார்கள். வெளியே போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸின் உட்புறம்தான் பெட்ரோலைத் தாங்கும், மேல்தோல் தாங்காது. டேங்குக்குள் மூழ்கியே கிடக்கும் ஹோஸுக்கு ஜே30ஆர்10 என்ற தரக்குறி அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத துண்டைப் போட்டால் சில மாதத்தில் வீங்கிப் பிளந்து, முதலில் சொன்ன கறுப்பு மையாக ஃபில்டருக்கு வந்து சேரும்.

வேலைக்கான இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள பார்க்கிங் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் பத்தடி தள்ளியுள்ள மோட்டார் சுவிட்சில் பற்றும். பவுடர் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டேங்கில் கால் பங்குக்குக் கீழே பெட்ரோல் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். 35 லிட்டர் டேங்கில் அது 9 லிட்டருக்குள். வெளியே எடுக்க வேண்டியிருந்தால் கை பம்ப் வைத்து உலோகக் கேனில் எடுங்கள். வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் போகவில்லை. விழுங்கினால் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் ஆபத்து.

லைனிலுள்ள அழுத்தத்தை முதலில் இறக்க வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பம்ப் ரிலேயையோ ஃபியூஸையோ கழற்றுங்கள். எஞ்சின் திணறி நிற்கும். பிறகு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு மூன்று விநாடி செல்ஃப் அடியுங்கள். அதன் பின் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

தகர மூடியை எடுத்ததும் பம்பின் தலையைச் சுற்றி இருபது வருட மண் குவிந்திருக்கும். அதை வேக்குவம் கிளீனராலும் பிரஷாலும் சுத்தமாக எடுத்து, ஈரத் துணியால் துடைத்த பிறகே எதையும் திருகுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் சோம்பலில் விட்டால் அவ்வளவு மண்ணும் டேங்குக்குள் விழுந்து புது சல்லடையில் ஒட்டும். வேக்குவம் கிளீனரை டேங்க் மூடியிருக்கும்போது மட்டும், பெட்ரோல் வாடை இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள். ஹோஸ்கள் எது எங்கே என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் லைனின் அமுக்கிக் கழற்றும் வகை கனெக்டரை நேராக இழுக்காதீர்கள். முதலில் உள்ளே தள்ளி, இரண்டு காதுகளையும் அமுக்கி, பிறகு இழுக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் காது ஒடிந்தால் முழு லைனும் மாற்ற நேரிடும். துணி சுற்றிக் கழற்றுங்கள், மிச்சப் பெட்ரோல் சிந்தும். பம்பின் மூடியைச் சில கார்களில் சிறு போல்ட்டுகள் பிடித்திருக்கும், சிலவற்றில் பெரிய திருகு வளையம். போல்ட் துருவேறியிருந்தால் முந்தின இரவே துரு நீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். வளையம் என்றால் மரக்கட்டையோ பித்தளைக் கம்பியோ வைத்துத் தட்டுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரில் தட்டினால் பொறி பறக்கும்.

பம்பை நேராகத் தூக்கக் கூடாது. பாதி மேலே வந்ததும் மிதவைக் கம்பி ஓரத்தில் இடிக்கும். அப்போது சாய்த்து, கம்பி இருக்கும் பக்கத்தைக் கடைசியாக வெளியே எடுங்கள். அந்தக் கம்பி கொஞ்சம் வளைந்தாலும் முள் காலி டேங்கில் கால் டேங்க் என்று பொய் சொல்லும். துவாரத்தைத் துணியால் மூடிவிட்டு, பழைய சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுத்து, நசுங்கி உள்வாங்கியிருந்தால் பம்ப் ஏன் ஊளையிட்டது என்பதற்கு விடை கையில் இருக்கிறது. டேங்கின் அடியையும் பொறி எழுப்பாத, மூடிய வகை எல்.இ.டி டார்ச்சால் பாருங்கள். சேறோ தண்ணீரோ தெரிந்தால் பஞ்சு நூல் உதிராத துணியால் ஒற்றி எடுங்கள்.

மோட்டார் மாற்றும்போது பிளஸ், மைனஸ் குறியைப் பாருங்கள். வயர் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், அழுத்தம் வராது. "புது பம்பும் போயிடுச்சு" என்று கடைக்குத் திரும்பி வருபவற்றில் இதுவும் ஒன்று. புது சல்லடையைப் பிடிக்கும் பல் வளையத்தைப் பழையதிலிருந்து எடுத்துப் போடாதீர்கள், அது ஒரு முறைக்கு மட்டும். சல்லடையின் வால் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில், டேங்க் அடியைத் தொடும்படி இருக்க வேண்டும். திரும்பிவிட்டால் கால் டேங்கிலேயே வண்டி மூச்சுவாங்கும். ரப்பர் கிண்ணத்தையும் மறக்காமல் மாட்டுங்கள். பலர் "இது இல்லாமலும் உட்காருதே" என்று விட்டுவிட்டு, பிறகு புது பம்ப் பழையதைவிடச் சத்தம் போடுகிறது என்பார்கள்.

ஓ-ரிங் கட்டாயம் புதிது. பழையது கழற்றிய அரைமணியில் வீங்கி, பள்ளத்தில் உட்காராது. உட்கார வைக்க ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவினால் போதும். கேஸ்கெட் சிலிகான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். சாதாரண பேஸ்ட் பெட்ரோலில் ஊறி உரிந்து, நூல்நூலாகச் சல்லடையில் போய் விழும். போல்ட்டுகளை எதிரெதிராக, சிறு ஸ்பானரால் இரு விரல் பலத்தில் இறுக்குங்கள். முழுக் கைப் பலம் கொடுத்தால் மூடி வளைந்து கசியும்.

மாருதி ஆல்டோ, 800 மாதிரி வண்டிகளில் உள்ளேயிருந்து வழி கிடையாது, டேங்கையே இறக்க வேண்டும். அதை வெறும் ஜாக்கியில் செய்யாதீர்கள். இரு பக்கமும் ஸ்டாண்ட், டேங்குக்கு அடியில் பலகை வைத்த இன்னொரு ஜாக்கி. நிரப்பும் குழாயின் கிளிப்புகளை முதலில் விடுவித்து, போல்ட்டுகளைக் கழற்றி ஒரு சாண் மட்டும் இறக்கினால் மேலே கனெக்டருக்கும் ஹோஸுக்கும் கை எட்டும். அவற்றைக் கழற்றிய பிறகே முழுவதும் இறக்க வேண்டும். இந்தச் சிரமத்துக்காக சீட்டுக்கு அடியில் தகரத்தை வெட்டி ஜன்னல் வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. டேங்குக்கு ஒரு விரல்கடை மேலே கிரைண்டர் ஓட்டுவது எவ்வளவு அனுபவசாலி செய்தாலும் முட்டாள்தனம். பிழைத்தாலும், அந்த வெட்டு வழியே மழைநீரும் பெட்ரோல் ஆவியும் காருக்குள் வரும்.

மாட்டி முடித்ததும் குறைந்தது 10 லிட்டர் ஊற்றுங்கள். பம்பை வெளியே மேஜையில் வைத்து "ஓடுதா பார்ப்போம்" என்று காய்ந்த நிலையில் ஓட்டுவது, புஷ்ஷைப் பிறந்த அன்றே தேய்ப்பது. பேட்டரியை இணைத்து, சாவியை ஆன் செய்து மூன்று விநாடி, ஆஃப் செய்து ஐந்து விநாடி என்று நான்கைந்து தடவை. லைன் நிரம்பிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த விரலால் தடவி ஈரம் பாருங்கள். தகர மூடியையும் சீட்டையும் அன்றே மூடிவிடாதீர்கள், ஒரு நாள் திறந்தே இருக்கட்டும்.

புது பம்ப் முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டர் வரை சற்றுச் சத்தமாக இருக்கலாம், பிறகு அடங்கும். காற்றுக் குமிழி போகும் வரை முதல் ஐந்து நிமிடம் கரகரப்பும் இயல்பு. அதற்குப் பிறகும் பழைய ஊளை அப்படியே இருந்தால் பம்பைத் திரும்பக் கழற்றாமல், பெட்ரோல் மூடியைத் திறந்து பார்க்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கடைசிச் சோதனை முதல் ஃபுல் டேங்க் அன்று. ஓ-ரிங் சரியாக உட்காராவிட்டால் அரை டேங்க் வரை எந்த அறிகுறியும் தெரியாது. முழுதாக நிரப்பி, ஒரு மேடு ஏறி, ஒரு பிரேக் அடித்ததும்தான் மேலே பெட்ரோல் மோதிக் கசியும். வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கி, பம்பின் தலையைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். பேப்பர் காய்ந்திருந்து, கண்ணாடி ஏற்றிய காருக்குள் மறுநாள் காலையிலும் வாடை இல்லையென்றால் தகர மூடியைப் போட்டுத் திருகிவிடலாம்.